துணியிலிருந்து அணையாடைக்கு: தமிழகச் சிற்றூர்ப் பெண்களின் மாதவிடாய்த் தூய்மையும் விழிப்புணர்வின் மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஊரகப் பெண்களின் மாதவிடாய்த் தூய்மை பற்றிய அரசு முயற்சிகளும் கணக்கெடுப்புகளும் பெரும்பாலும் அவர்கள் பயன்படுத்தும் பொருளையே அளவுகோலாகக் கொள்கின்றன. துணியை விடுத்து அணையாடைக்கு மாறியோர் தூய்மையடைந்தோராகக் கணக்கிடப்படுகின்றனர். பொருள் மாறியபின்னும் அதனைச் சூழ்ந்துள்ள மறைப்பு மாறவில்லை என்பதையும், உடல்நலக் கேட்டுக்குத் துணியினும் இம்மறைப்பே பெருங்காரணமாகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது. இலக்கிய வழக்கு, ஊரக வழக்காறு, அரசுத் திட்டங்களின் நடைமுறை ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மாதவிடாய், தீட்டு, விலக்கு, மறைப்பு, அணையாடை, புதுயுகம் திட்டம், தூய்மைக் காவலர்.

முன்னுரை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்டது. 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் மாதவிடாயின்போது தூய்மையான முறைகளைக் கையாள்வோர் இந்திய அளவில் 77 விழுக்காட்டினர் என்றும், ஊரகப் பகுதிகளில் 72 விழுக்காட்டினர் என்றும் அவ்வாய்வு தெரிவிக்கிறது. நான்காம் சுற்றில் (2015–16) இந்திய அளவு 58 விழுக்காடாகவே இருந்தது. தமிழ்நாட்டிற்குரிய அளவோ ஐந்தாம் சுற்றில் 98 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இவ்வெண்ணை மட்டும் நோக்குவோர்க்குத் தமிழகச் சிற்றூர்களில் இப்பொருள் குறித்து ஆராய இனி ஏதுமில்லை என்றே தோன்றும்.

அந்த எண் எதனை எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். கடையில் விற்கும் அணையாடை, உள்ளூரில் செய்யப்படும் அணையாடை, டாம்பான், மாதவிடாய்க் கிண்ணம் ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துவதாகக் கூறும் பெண் தூய்மையான முறையைக் கையாள்பவர் என்று அவ்வாய்வு வரையறுக்கிறது. அவர் ஓர் அணையாடையை எத்தனை மணி நேரம் அணிந்திருந்தார், மாற்றிக்கொள்ள மறைவான இடம் இருந்ததா, கழுவ நீர் இருந்ததா, பயன்படுத்தியதை எங்கே போட்டார் என்பவை அந்த வரையறைக்குள் வருவதில்லை. சோப்பிட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியை மட்டும் பயன்படுத்தும் பெண் தூய்மையற்றோர் பக்கம் நிற்கிறார்; காலை ஏழு மணிக்கு வைத்த அணையாடையோடு மாலை வரை களையெடுத்துவிட்டு வருபவர் தூய்மையானோர் பக்கம் நிற்கிறார். ஆகவே அது பொருளை எண்ணும் எண்ணேயன்றித் தூய்மையை எண்ணும் எண் அன்று. மேலும், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைக் கூறலாம் என்ற நிலையில், இந்தியப் பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் துணியையும் பயன்படுத்துவதாகவே கூறியுள்ளனர். அணையாடை வந்தவுடன் துணி மறைந்துவிடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பெண்ணிடத்தும் உடனிருக்கின்றன.

விலக்கின் சொற்கள்

தமிழில் மாதவிடாயைக் குறிக்கும் சொற்களுள் பெரும்பாலானவை உடலில் நிகழும் மாற்றத்தைக் குறிக்கவில்லை; அப்பெண் நிற்கவேண்டிய இடத்தைக் குறிக்கின்றன. தூரம், விலக்கு, வீட்டுக்கு விலக்கு, வெளியே இருத்தல் என்பன அனைத்தும் இடம் சார்ந்த சொற்கள். அரசு ஏடுகளிலும் மருத்துவக் குறிப்புகளிலும் இன்றளவும் வழங்கும் மாதவிலக்கு என்னும் சொல்லிலும் விலக்கு உள்ளது. மாதவிடாய் என்னும் சொல்லில் விலக்கு இல்லை. விடாய் என்பதற்கு வேட்கை, களைப்பு என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. இக்கட்டுரை அச்சொல்லையே ஆள்வதற்கு இதுவே காரணம்.

தீட்டு என்பது இறப்பு, பிறப்பு ஆகியவற்றிற்கும் பொதுவான சொல். சூதகமும் அவ்வாறே. ஆயினும் இறப்புத் தீட்டு குடும்பத்தார் அனைவரையும் பற்றும். குறித்த நாளில் நீங்கும். மாதவிடாய்த் தீட்டு ஒருவரை மட்டும் பற்றும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திங்கள்தோறும் திரும்பி வரும். தூமை என்னும் சொல் தூய்மை என்பதோடு ஒலியில் இவ்வளவு நெருங்கி நின்றும், தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் கடும் வசையாக வழங்குவதைச் சொல்லாய்வாளர் தனியே ஆராயலாம்.

இவ்விலக்கு அண்மைக்காலத்தது அன்று. புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார், உழுந்தின் சக்கையைத் தின்ற சிற்றூர் மன்னனின் குதிரைகள் போரில் முந்திப் பாய, நெய்ச்சோறு தின்ற பெருவேந்தனின் குதிரைகள் முருகன் கோட்டத்தில் கலம் தொடாத மகளிரைப் போல ஒதுங்கி நின்றன என்கிறார். கலம் தொடாத மகளிர் என்பதற்கு மாதவிடாய் உற்றோர் என்றே உரைகாரர் பொருள்கொள்வர். ஒதுங்கி நிற்கும் பெண்ணின் உருவம் வீரமின்மைக்கு உவமையாகும் அளவிற்கு அக்காலத்தே அனைவர்க்கும் தெரிந்ததாக இருந்துள்ளது. அதனை ஆண்டவரும் ஒரு பெண்பாற் புலவரே. தொல்காப்பியக் கற்பியலோ பூப்பு நிகழ்ந்த பன்னிரு நாளும் தலைவன் தலைவியை நீங்கி உறைதல் அறமன்று என்கிறது. அங்குப் பேசப்படுவது கருவுறும் காலமேயன்றித் தீட்டு அன்று. சிவவாக்கியர் இதனை நேருக்கு நேர் எதிர்த்தவர். தூமை நின்ற இடத்திலேயே உடலும் உயிரும் உருக்கொள்கின்றன என்றால், அதனை இகழ்வோரின் உடல் எதனால் ஆனது என்பதே அவருடைய வினாவின் சாரம்.

எனவே மரபு ஒரே குரலில் பேசவில்லை. இன்றும் பேசுவதில்லை. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலில் மாதவிடாய்க் காலத்திலும் பெண்கள் கருவறைவரை சென்று வழிபடலாம். செவ்வாடை அணிந்து அங்குச் செல்வோருள் பெருந்தொகையினர் ஊரகப் பெண்களே. அவர்களே தத்தம் ஊர் அம்மன் கோயில் வாசலில் அந்நாட்களில் நிற்பதில்லை. விழிப்புணர்வுக் கூட்டங்களில் இம்முரண் குறித்து எவரும் பேசுவதாகத் தெரியவில்லை. பேசினால் பலவற்றை எளிதாக விளக்கலாம்.

விழாவும் குடிசையும்

பூப்பெய்திய செய்தியைத் தமிழகச் சிற்றூர் மறைப்பதில்லை. தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, ஒலிபெருக்கி, இப்போது சிறுமியின் படத்தோடு சாலையோரத்தில் பிளக்ஸ் பலகை என ஊரறிய அறிவிக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து அதே நிகழ்வை அதே சிறுமி தந்தையிடமும் அண்ணனிடமும் சொல்லக்கூடாது. கடையில் வாங்கினால் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் இட்டே கொண்டுவரவேண்டும். முதல்முறை விளம்பரம், அதன்பின் வாழ்நாள் முழுதும் மறைப்பு. ஏனெனில் விழா அவள் உடலைக் கொண்டாடவில்லை. அவள் மணத்திற்குரியவள் ஆனதைக் கொண்டாடுகிறது. மாதந்தோறும் வருவது அவ்வகையில் எவர்க்கும் செய்தியாவதில்லை.

இவ்வழக்காற்றில் பேணத்தக்கதும் உண்டு. பூப்பெய்திய சிறுமிக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது குருதியிழப்பைத் தாங்கவேண்டிய வளரிளம் உடலுக்கு ஏற்ற உணவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர் என ஐந்தாம் சுற்று ஆய்வே கூறும் நிலையில், இக்கவனிப்பு முதல் பதினாறு நாளோடு நின்றுவிடுவதே குறையாகும். விழிப்புணர்வுக் கையேடுகள் வழக்காறு முழுவதையும் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லால் தள்ளும்போது, பாட்டியிடம் இருக்கும் இந்த ஒரு பயனுள்ள அறிவும் சேர்ந்தே தள்ளப்படுகிறது. பாட்டியும் கூட்டத்திலிருந்து எழுந்து போய்விடுகிறார்.

மறுபுறம், அக்குடிசை உயிரையும் கொண்டுள்ளது. 2018 நவம்பரில் கஜா புயல் கரைகடந்த இரவில், தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பூப்பெய்தியதால் தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்ட பள்ளி மாணவி ஒருவர் தென்னைமரம் சாய்ந்து இறந்தார். புயல் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. வீடு அருகிலேயே இருந்தது. அச்சிறுமியை உள்ளே அழைக்கத் தடையாக இருந்தது தொலைவு அன்று. தூரம் என்னும் சொல்.

மதுரை மாவட்டத்துக் கூவலப்புரத்திலும் அதனை அடுத்த சில ஊர்களிலும் மாதவிடாய் உற்ற பெண்கள் தங்குவதற்கென ஊர்ப்பொதுவான கட்டடம் உள்ளது. முட்டுவீடு, முட்டுத்துறை என அதனை அழைப்பர். இதனை ஆதரிப்போர் கூறும் காரணங்களுள் முதன்மையானது ஓய்வு. வீட்டு வேலையிலிருந்து மூன்று நாளேனும் பெண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது என்பர். இக்கூற்று முற்றிலும் பொய்யன்று; அடுப்படியிலிருந்து விலகி இருக்கும் நாட்களை விரும்பும் பெண்களும் உள்ளனர். ஆனால் தமிழக ஊரகத்தின் பொதுவழக்கை நோக்கினால், அடுப்புக்கு விலக்கு உண்டு, களையெடுப்புக்கும் நாற்றுநடவுக்கும் விலக்கு இல்லை. சோற்றுப்பானையைத் தொடக்கூடாத கை, அச்சோற்றுக்குரிய நெல்லின் நாற்றைத் தொடலாம். ஓய்வே நோக்கமானால் வரிசை வேறாக இருந்திருக்கும்.

துணியும் வெயிலும்

துணி தீங்கானது என்னும் கருத்து விழிப்புணர்வுப் பரப்புரைகளில் ஐயத்திற்கிடமற்ற உண்மையாகச் சொல்லப்படுகிறது. மருத்துவ ஆய்வுகள் சற்று நுட்பமாகப் பேசுகின்றன. ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2015இலும் 2018இலும் வெளியான ஆய்வுகள் மீள்பயன்பாட்டுத் துணியைக் கையாள்வோரிடத்து இனப்பெருக்கப் பாதைத் தொற்றுகள் மிகுதி என்று காட்டின. அவற்றுள் பின்னது மேலும் ஒன்றைக் கூறியது: துணியை வீட்டுக்குள்ளோ கழிப்பறைக்குள்ளோ உலர்த்துவோரிடத்தும், கழிப்பறையிலேயே சேமித்து வைப்போரிடத்தும் பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது. அதாவது, துணி ஈரத்தோடும் இருட்டோடும் இருப்பதே தீங்கின் பெரும்பகுதி.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் துணி ஏன் இருட்டில் உலர்கிறது? கொடியில் புடவைக்கு அடியில், பாவாடைக்கு உட்புறம், கூரையின் எரவாணத்தில், குளியலறைக் கதவின் பின்புறம் என்று அதற்குரிய இடங்கள் எல்லாம் பிறர் பார்வை படாத இடங்கள். அதனாலேயே வெயிலும் படாத இடங்கள். மழைக்காலத்தில் ஈரம் காயாத துணியே மீண்டும் எடுக்கப்படுகிறது. பாம்பு தாண்டும், கண்ணேறு படும், ஆண்கள் கண்டால் ஆகாது எனப் பல காரணங்கள் ஊருக்கு ஊர் சொல்லப்பட்டாலும் அவற்றின் பயன் ஒன்றே. இங்குத் தொற்றை உண்டாக்குவது தீட்டு பற்றிய கருத்து. துணி அதன் கருவி மட்டுமே.

கோவை அருணாசலம் முருகானந்தத்தின் வரலாறும் இதே இடத்தில் தொடங்குகிறது. 1998ஆம் ஆண்டு வாக்கில், மணமான புதிதில், தம் மனைவி பழந்துணியைத் தம்மிடமிருந்து மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டதே அவருடைய முயற்சிக்குக் காரணம். விற்பனை அணையாடையில் இருப்பது வெறும் பருத்தியன்று, மரக்கூழ் இழை என்பதைக் கண்டறிய அவருக்கு ஆண்டுகள் சில ஆயின. சோதனைக்குத் தன்னார்வலர் கிடைக்காமையால் பந்தின் உட்பையில் ஆட்டுக் குருதியை நிரப்பித் தாமே அணிந்து நடந்தார். ஊரார் நோய் என்றும் பித்து என்றும் பேசினர். மனைவியும் தாயும் சிலகாலம் பிரிந்தனர். பின்னர் அவருடைய சிறு பொறிகள் பல மாநிலங்களில் மகளிர் குழுக்களுக்குச் சென்றன. 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உத்தரப் பிரதேசச் சிற்றூர் ஒன்றில் அப்பொறியை இயக்கும் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் 2019இல் ஆஸ்கர் விருது பெற்றது. விலைக்குறைவு பற்றியே அனைவரும் எழுதியுள்ளனர். ஆனால் அம்முயற்சியின் சிறப்பு விற்பனை முறையில் உள்ளது எனக் கருதலாம். அணையாடையைச் செய்பவரும் பெண், தெருவில் கொண்டுசென்று விற்பவரும் பெண். கடைக்காரர் முன் நிற்கவேண்டிய தேவையில்லை. வாங்குமிடத்திலேயே வயிற்றுவலி முதல் வெள்ளைப்படுதல் வரை பேச்சு எழுகிறது. பொருளோடு பேச்சும் சேர்ந்தே போகிறது.

ஒன்பது என்னும் கணக்கு

தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டம் 2011இல் அறிவிக்கப்பெற்று 2012இல் தொடங்கப்பட்டது. ஊரகத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு விலையில்லா அணையாடைகளை வழங்கும் இத்திட்டம், மகப்பேற்றுக்குப் பிந்தைய தாய்மார்களையும் சிறைவாழ் பெண்களையும் உள்ளடக்கியது. பள்ளி செல்வோர்க்குப் பள்ளியிலும் மற்றையோர்க்கு ஊரில் அங்கன்வாடி வழியாகவும் வழங்கப்படுகிறது. இந்திய மாநிலங்களுள் இவ்வகையில் முன்னோடி என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பெண்குழந்தைகள் பள்ளியில் எதிர்கொள்ளும் அச்சத்தை இது எவ்வளவு குறைத்துள்ளது என்பதை ஊர்ப்புறப் பள்ளியில் படித்த எந்தப் பெண்ணும் கூறுவார்.

திட்டத்தின் அளவை மட்டும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வளரிளம் பெண்ணொருவருக்கு இரு திங்களுக்கு ஒருமுறை மூன்று பொதிகள், பொதிக்கு ஆறு அணையாடைகள்; ஆண்டுக்கு 18 பொதிகள், 108 அணையாடைகள். ஒரு மாதவிடாய்க்கு ஒன்பது கிடைக்கிறது. ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டும் என்பது அதே திட்டத்தின் விழிப்புணர்வு வகுப்புகளில் கற்பிக்கப்படும் பாடம். அப்படியாயின் நாளொன்றுக்கு நான்கு. ஐந்து நாளுக்கு இருபது. இறுதி இரு நாட்களில் பாதி போதும் என்று கொண்டாலும் பதினாறு. ஒன்பதுக்கும் பதினாறுக்கும் இடையிலான ஏழை எவ்வாறு நிரப்புவது? வசதியுடையோர் வாங்குவர். மற்றையோர் இரவில் துணியும் பள்ளியில் அணையாடையுமாகப் பங்கிடுவர். அல்லது ஒன்றையே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருப்பர். தமக்கையும் தங்கையும் தாயும் உள்ள வீட்டில், மகளுக்கு வந்த பொதி மூவருக்கும் பொதுவாவதும் உண்டு. கணக்கெடுப்பாளரிடம் இவர்கள் அனைவரும் அணையாடை என்றே விடை சொல்வர். அது பொய்யன்று.

பத்தொன்பது வயதுக்குப் பின் என்ன என்பது அடுத்த வினா. இருபத்தைந்து முதல் ஐம்பது வயதுவரை வயலிலும் செங்கற்சூளையிலும் உழைக்கும் பெண் இத்திட்டத்தில் மகப்பேற்றுக்குப் பின்னர் மட்டுமே ஒருமுறை தோன்றுகிறார். மாதவிடாய் நிற்கும் காலத்தை அணுகும் பெண்களுக்குக் குருதிப்போக்கு மிகுதியாவதும் பலவேளைகளில் நேர்கிறது. அவர்களுக்கென ஒரு விழிப்புணர்வு வாசகமும் கண்ணிற்படவில்லை. 2018 ஜூலையில் அணையாடைக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து முற்றிலும் நீக்கப்பட்டது. 2019 ஆகஸ்டிலிருந்து மக்கள் மருந்தகங்களில் ஒன்று ஒரு ரூபாய்க்கு விற்கப்படுகிறது. ஆயினும் மக்கள் மருந்தகம் பேருந்தேறிச் செல்லவேண்டிய நகரில் உள்ளது. ஊர்ப் பெட்டிக்கடையில் இல்லை.

யார் கையில் முடிகிறது

மாதவிடாய்த் தூய்மை பற்றிய எழுத்துகள் பெண்ணின் உடலோடு நின்றுவிடுகின்றன. அவளை விட்டு நீங்கிய பொருள் யாரிடம் போகிறது என்பது ஊரகத்தில் சாதியின் வினா.

பழைய ஒழுங்கில் இதற்குரிய விடை தெளிவாகவே இருந்தது. பூப்பெய்திய பெண்ணுக்கு மாற்றுத் துணி கொடுப்பதும், தீட்டுப்பட்ட துணிகளை எடுத்துச்சென்று வெளுத்துத் தருவதும் வண்ணார் குடிப் பெண்ணின் கடமையாக வைக்கப்பட்டிருந்தன. பட்டியல் சாதியினர்க்கு அப்பணியைப் புதிரை வண்ணார் செய்தனர். அவ்வுழைப்பின் இழிவையும் வறுமையையும் இமையத்தின் கோவேறு கழுதைகள் (1994) நாவலின் ஆரோக்கியத்தில் காணலாம். மேல்நிலையில் இருந்த பெண்ணின் தீட்டு மூன்றாம் நாள் முழுக்கில் நீங்கிற்று. அது வெளுப்பவளின் கையில் தங்கி அவள் குலத்தின் பெயராயிற்று.

துணிக்கு மாறாக அணையாடை வந்தபோது இவ்வுழைப்பு மறைந்திருக்கவேண்டும். மறையவில்லை, கைமாறியது. அணையாடையின் அடிப்படலம் பாலித்தீன். உள்ளே நீரை உறிஞ்சிக் கூழாகும் பல்படிமம். இவை மண்ணில் எளிதில் மட்குவன அல்ல. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உற்பத்தியாளர் தரும் உறையிலோ தக்க வேறு உறையிலோ சுற்றி உலர்கழிவோடு தனியே இடவேண்டும் என்று கூறின. உறை தரும் உற்பத்தியாளர் சிலரே. சிற்றூரில் குப்பையைத் தரம் பிரிக்கும் வீடுகளும் சிலவே. எனவே கம்மாய்க்கரை, முள்வேலி, பாழ்கிணறு, கழிப்பறைக் குழி ஆகியவை அணையாடையின் இடங்களாயின. ஒற்றைக்குழிக் கழிப்பறையில் போடப்பட்டவை உப்பிக் குழியை அடைக்கின்றன. அதனைத் திறந்து எடுக்க ஒருவர் அழைக்கப்படுகிறார். ஊராட்சியின் தூய்மைக் காவலர் தள்ளுவண்டியில் கொண்டுவரும் கழிவைக் கையாற் பிரிக்கிறார். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். வண்ணாத்தியின் இடத்தில் இப்பொழுது ஊதியப் பட்டியலில் பெயருள்ள ஒருவர் நிற்கிறார் என்பதே வேறுபாடு. அவர் பொதிக்குள் இருப்பதை அறியாமலே பிரிக்கவேண்டியுள்ளது. பழந்துணியைத் தானே துவைத்துத் தானே உலர்த்திய உழைக்கும் பெண்ணின் முறையில் குறைகள் பல இருப்பினும், தன் தீட்டைப் பிறர் கையில் கொடுக்கும் குறை அதில் இல்லை.

பள்ளிகளில் வைக்கப்பட்ட சிறு எரிகலன்கள் இதற்குத் தீர்வாகக் கருதப்பட்டன. நெகிழி கலந்த கழிவு முறையாக எரிய 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அதற்குக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின் போன்ற நச்சு வளிகள் வெளிப்படும். அவை வெளிப்படுமிடம் பெண்கள் கழிப்பறையை ஒட்டிய சுவர். பருத்தி அணையாடை, மாதவிடாய்க் கிண்ணம் ஆகிய மீள்பயன்பாட்டுப் பொருள்கள் கழிவைக் குறைக்கும் என்பது உண்மையே. அவற்றுக்கும் நீரும் வெயிலும் மறைவிடமும் வேண்டும். நாம் மீண்டும் கொடியில் புடவைக்கு அடியில் உலரும் துணிக்கே வந்து சேர்கிறோம்.

பள்ளியும் பணியிடமும்

கல்வி இம்மறைப்பை நீக்கும் என்னும் எதிர்பார்ப்பு ஓரளவிற்கே நிறைவேறியுள்ளது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், பூப்பெய்திய மாணவி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டார். தாயார் எடுத்த காணொளி வெளியானபின் தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அம்மாணவி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதையும் செய்திகள் குறிப்பிட்டன. ஒருவேளை அப்பள்ளியிலும் மே 28 அன்று மாதவிடாய்த் தூய்மை நாள் கொண்டாடப்பட்டிருக்கலாம். பாடத்தைச் சொல்லும் ஆசிரியரே தம் வீட்டில் தூரம் பேணுபவராக இருக்கும்போது பாடநூல் மட்டும் என் செய்யும்?

பணியிடங்களின் நிலை இதனினும் பின்தங்கியது. தேசிய ஊரக வேலையுறுதிக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, பணித்தளத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் கூறியது, கழிப்பறையைக் கூறவில்லை. தமிழகத்தில் அப்பணிக்குச் சென்றோருள் மிகப்பெரும்பாலோர் பெண்கள். கண்மாய் தூர்வாரும் வெட்டவெளியில் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுங்கள் என்னும் அறிவுரைக்குப் பொருளில்லை. ஊரகப் பெண்கள் பெருமளவில் செல்லும் நூற்பாலை, ஆடைத் தொழிலகங்களில் வேறொரு சிக்கல். மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டில்லா மாத்திரைகள் கொடுத்து வேலையில் நிறுத்துவதை, ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளியிட்ட புலனாய்வுச் செய்தி வெளிப்படுத்தியது. குருதியைப் பற்றிப் பேசும் அளவிற்கு வலியைப் பற்றி நம் விழிப்புணர்வு பேசுவதில்லை. வலிக்கு அணையாடை இல்லை.

கேட்கும் சொல்

தமிழியல் ஆய்வாளர்க்கு இங்கு நேரடியான பணி ஒன்று உண்டு. கணக்கெடுப்பு வினாநிரல்களும் கையேடுகளும் மொழியால் ஆனவை. என்ன பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதோடு, எங்கே உலர்த்துகிறீர்கள், நேற்று எத்தனை முறை மாற்றினீர்கள், மாற்றியதை யார் எடுத்துச் செல்கிறார்கள் என்று கேட்டால் 98 என்னும் எண் வேறொரு வடிவம் பெறும். தூய்மை என்னும் சொல்லையும் கையேடுகள் எடைபோட்டே ஆளவேண்டும். சுத்தமாக இருங்கள் என்னும் அறிவுரை, சுத்தமில்லாமல் இருக்கிறாய் என்று பாட்டி சொன்னதன் தொடர்ச்சியாகவே சிறுமியின் காதில் விழக்கூடும். நோய்த்தொற்றைத் தவிர்த்தல் என்னும் பொருளில் உடல்நலம் என்ற சொல்லே அவ்விடத்திற்குப் போதுமானது.

கேட்கும் சொல்லைத் தெரிவதிலும் இடர் உண்டு. மாதவிடாய் என்று கேட்டால் முதியோர்க்கு அது மேடைச் சொல். விடையும் மேடை விடையாகவே வரும். தூரம் என்று கேட்டால் பேச்சு தடையின்றி வருகிறது. ஆனால் கேட்பவர் தாமே விலக்கை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். இளம்பெண்கள் பீரியட்ஸ் என்கின்றனர், டேட் என்கின்றனர். இவ்வாங்கிலச் சொற்களில் தீட்டும் இல்லை, தூரமும் இல்லை. அதனாலேயே அவற்றைத் தெரிந்துள்ளனர் போலும். தமிழில் அவ்வாறான சொல் ஒன்று தமக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் நமக்குச் சொல்கின்றனர். ஆனால் பாட்டியோடு பேச அச்சொற்கள் உதவுவதில்லை. ஆகவே களத்திற்குச் செல்வோர் ஒரே சொல்லை முன்கூட்டியே முடிவுசெய்து அச்சிடாமல், முதல் இரு நாட்கள் அவ்வூர்ப் பெண்கள் எந்தெந்த வயதில், யார் முன்னிலையில், எந்தச் சொல்லை ஆள்கின்றனர் என்பதைக் குறித்துக்கொண்டு, அதன்பின் வயதுக்கேற்ப வினாநிரலை வேறுவேறாக எழுதுவது நலம். அக்குறிப்புகளில் சேரும் சொற்பட்டியல் மாவட்டவாரியாக இதுவரை தொகுக்கப்படவில்லையாயின், அத்தொகுப்பே ஒரு தனி ஆய்வாக அமையத்தக்கது.